உங்களுக்குத் தெரியுமா? சின்னப் படகின் பெரிய சங்கிலி

பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் நங்கூரத்தின் எடை சுமார் 15 கிலோ இருக்கும். அதோடு பூட்டிய சங்கிலியின் எடை? 8 மி.மீ. கம்பியில் செய்த சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. 50 மீட்டர் வைத்திருந்தால் 70 கிலோ. படகை நிறுத்திய பெருமை முழுவதும் நங்கூரத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் படகுக்குள் இடம் கேட்பது, கையையும் முதுகையும் சோதிப்பது, நடுராத்திரியில் காற்று திசை மாறும்போது தடங்கலில்லாமல் ஓடியே ஆகவேண்டியது எல்லாம் சங்கிலிதான். இந்த முறை முழுக்க அதைப் பற்றித்தான்.

★

கயிறு போதாதா, இரும்பு எதற்கு? 1768 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் தாஹித்தித் தீவில் தங்கியபோது ஒன்பது நாட்களில் ஆறு நங்கூரங்களை இழந்தார். கடலடியில் இருந்த பவளப்பாறை கப்பலின் வடங்களை அறுத்தது முக்கியக் காரணம். அந்தக் காலத்து வடம் சணல் நாரில் திரித்தது. இன்றைய நைலான் கயிறு அதைவிடப் பல மடங்கு வலிமையானது; ஆனாலும் கூரான பாறையில் இரவு முழுக்க உரசினால் அதுவும் அறுந்துபோகும். அதனால்தான் மிகச் சிறிய படகிலும் நங்கூரத்தை ஒட்டிய சில மீட்டராவது சங்கிலியாக இருக்கிறது.

★

சங்கிலியில் நங்கூரமிடுவது புதிய பழக்கமில்லை. இன்றைய பிரான்சின் மேற்குக் கரையில் வாழ்ந்த வெனட்டி மக்களோடு கி.மு. 56-ல் கடற்போர் செய்த ஜூலியஸ் சீசர், அவர்களுடைய கப்பல்களின் நங்கூரங்கள் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். பாறை மிகுந்த, அலையும் ஏற்றவற்றமும் கடுமையான கரை அது. அங்கே கடலோடியவர்களுக்கு வேறு எதுவும் தாங்கியிருக்காது.

★

அதற்குப் பிறகு ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் பெரிய கப்பல்கள் சணல் வடத்தையே நம்பின. ஈரத்தோடு கப்பலின் அடித்தளத்தில் சுருட்டி வைத்த வடம் காயாமல் அழுகும். அடைத்துக்கொள்ளும் இடமோ ஏராளம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் 1806-ல் 'பெனலபி' என்ற கப்பலில் இரும்புச் சங்கிலியைக் கட்டிச் சோதித்துப் பார்த்தார். 1808-ல் காப்புரிமை பெற்றார். வடத்துக்கு ஒரு தளமே தேவைப்பட்ட கப்பலில் சங்கிலி ஓர் ஒடுக்கமான அறைக்குள் அடங்கியது. ஈரத்தோடு உள்ளே போட்டாலும் அழுகாது.

சங்கிலியின் வலிமையில் பிரவுனுக்கு இருந்த நம்பிக்கை கடலோடு நிற்கவில்லை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே ட்வீட் ஆற்றின் மேல் 1820-ல் திறந்த தொங்குபாலமும் அவர் கட்டியதுதான். அது இன்றும் நிற்கிறது.

1864-ல் பிரிட்டன் ஒரு சட்டமே போட்டது: நங்கூரச் சங்கிலியைச் சோதித்துப் பார்க்காமல் விற்கக்கூடாது. நல்ல கடைகளில் சங்கிலியோடு இன்று கொடுக்கும் சோதனைச் சான்றிதழ் அந்த வழியில் வந்தது. அதைக் கேட்டு வாங்குங்கள்; அதன் விலை உங்கள் படகின் விலை.

★

ஒரு சங்கிலிக் கண்ணியைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்க வேண்டிய ஓர் ஊர் உண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் கிரேட்லி ஹீத். கப்பல்களுக்கான தடித்த சங்கிலியை ஆண்கள் பட்டறைகளில் அடித்தார்கள். மெல்லிய சங்கிலியை அடித்தவர்கள் பெண்கள்: வீட்டுக் கொல்லையில் ஓர் உலை, ஒரு பட்டடைக்கல், ஒரு சம்மட்டி, பக்கத்திலேயே குழந்தைகள். கம்பியைச் சூடாக்கி, வளைத்து, முந்தைய கண்ணிக்குள் மாட்டி, மறுபடி சூடாக்கி, இரு நுனியையும் அடித்து ஒன்றாக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் இதே வேலை.

1910-ல் அவர்களுக்கு மணிக்கு இரண்டரை பென்னி குறைந்தபட்சக் கூலி என்று நிர்ணயம் ஆனது. பலருக்கு அது முன்பு வாங்கியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலாளிகளில் பலர் கொடுக்க மறுத்தார்கள். மேரி மக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவியின் வழிகாட்டலில் அந்தப் பெண்கள் பத்து வாரம் உலையை மூடிவிட்டு நின்றார்கள், வென்றார்கள். ஆதரவாளர்கள் அனுப்பிய போராட்ட நிதியில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு ஊருக்கு ஒரு தொழிலாளர் மன்றம் கட்டினார்கள். சங்கிலி என்றதும் கப்பலும் தளபதிகளும்தான் வரலாற்றில் முன்னால் வருகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெண்களின் பெயர்கள்தான் முதலில் வரவேண்டும்.

★

இனி படகுக்குள் வருவோம். நங்கூரம் படகின் முன்முனையில் இருக்கிறது. கடலோரத்தார் அணியம் என்பார்கள். சங்கிலியும் அங்கேயே, தளத்துக்குக் கீழே ஒரு சிறிய அறையில் விழும்படி படகைக் கட்டுகிறார்கள். இதில் ஒரு சிக்கல். 70 கிலோ சங்கிலி என்பது வளர்ந்த ஒரு மனிதர் ராப்பகலாக மூக்கு நுனியில் நிற்பதற்குச் சமம். எதிரலையில் படகு மூக்கை உயர்த்தித் தாழ்த்தும்போது அந்த எடை அசைவைப் பெரிதாக்கும், வேகத்தை விழுங்கும்.

எவ்வளவு என்பதுதான் வியப்பு. எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தில் அதன் பாதிப்பு கூடுகிறது. நடுவிலிருந்து 4.5 மீட்டர் முன்னால் கிடக்கும் அதே சங்கிலியை 1.5 மீட்டருக்குக் கொண்டுவந்தால் பாதிப்பு மூன்றில் ஒன்றாகக் குறையாது. ஒன்பதில் ஒன்றாகக் குறையும்.

அதனால் நெடுங்கடல் ஓடும் சிலர், கரையை விட்டுக் கிளம்பியதும் நங்கூரத்தைக் கழற்றி, சங்கிலியை நடுமரத்தின் அடிக்கு நகர்த்தி, தாழ்வாகக் கட்டிவைக்கிறார்கள். சில படகுகளில் சாய்வான குழாய் வழியே சங்கிலி நேராக நடுப்பகுதிக்கே போய் விழும்படி கட்டியிருப்பார்கள். ஒரு எச்சரிக்கை: இரும்பின் அருகில் திசைகாட்டி பொய் சொல்லும். சங்கிலியை நகர்த்திய பின் அதன் முள் விலகியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

★

கரையோரமாக, தினமும் ஒரு துறையில் தங்கிப் போகிறவர்கள் சங்கிலியை அணியத்திலேயே விட்டுவிடலாம். கொஞ்சம் வேகம் குறைந்தால் பரவாயில்லை. இயந்திரம் திடீரென்று நின்று, படகு பாறையை நோக்கி அடித்துச் செல்லப்படும்போது நங்கூரம்தான் கடைசி நிறுத்தம். அந்த நேரத்தில் அது சில நொடியில் இறங்க வேண்டும்.

★

சங்கிலி தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் முதல் பயணத்திலேயே மாற்றிக்கொள்வார்கள். மேலே ஒரு துளை வழியாக இறங்கும் சங்கிலி, களத்துமேட்டில் கொட்டிய நெல்லைப் போல ஒரே இடத்தில் கூம்பாகக் குவியும். குவியல் உயர்ந்து துளையைத் தொட்டதும் அடுத்த கண்ணி இறங்க இடமில்லாமல் சங்கிலி மேலேயே சிக்கிக்கொள்ளும். ஒருவர் உள்ளே கைவிட்டுக் குவியலைத் தட்டிச் சாய்க்க வேண்டும்.

அதைவிடக் கெட்டது வேறொன்று. படகு அலையில் சாயும்போது குவியல் தானே சரியும். மேலே இருந்த சங்கிலி கீழே போய், கீழே இருந்த சங்கிலி அதன்மேல் விழுந்து புதைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும். அடுத்த முறை நங்கூரத்தை விடும்போது ஐந்து மீட்டர் ஓடி, முடிச்சு விழுந்த மாதிரி நின்றுவிடும். படகோ அதற்குள் பின்னால் நகர ஆரம்பித்திருக்கும்.

இதற்கு நல்ல மருந்து ஆழம். துளையிலிருந்து குவியலின் உச்சிக்கு, முழுச் சங்கிலியும் உள்ளே இருக்கும்போது, முப்பது சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும் என்பார்கள். அதிகம் இருந்தால் இன்னும் நல்லது. தன் எடையே அடுத்த கண்ணியைக் கீழே இழுக்கும். அகலமான, ஆழமில்லாத அறையைவிட ஒடுக்கமான, ஆழமான அறை மேல். அதில் குவியல் சரிய இடமில்லை. சிலர் அறையின் தரையில் கூம்பு வடிவில் ஒரு கட்டையைப் பொருத்துகிறார்கள். விழும் சங்கிலி அதைச் சுற்றிப் பரவிப் படுக்கும்.

சங்கிலியின் மேற்பரப்பும் முக்கியம். துருப்பிடித்த சங்கிலி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு உயரமாகக் குவியும். பூச்சு கெடாத சங்கிலி வழுக்கித் தாழ்வாகப் படுக்கும். துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி எல்லாவற்றையும்விட அழகாகப் பரவும், விலையும் அப்படியே.

★

அறையின் அடியில் ஒரு துளை இருக்கும். சங்கிலியோடு வரும் நீர் அது வழியாகக் கடலுக்கே திரும்பும். அந்தத் துளை அடைபட்டால் அணியத்தில் தண்ணீர் சேரும், யாருக்கும் தெரியாது. அடைப்பது பெரும்பாலும் சேறுதான்.

துறைமுகத்துச் சேறு சங்கிலியோடு உள்ளே போனால் இரண்டு நாளில் படகு முழுக்க அழுகிய முட்டை வாடை வரும். சேற்றில் இருக்கும் உயிர்க்கழிவு காற்றில்லாமல் அழுகும்போது கிளம்பும் வாயு அது. சங்கிலி மேலே வரும்போதே வாளித் தண்ணீரும் நீண்ட கைப்பிடி உள்ள தூரிகையும் கையில் இருந்தால் தப்பிக்கலாம். ஏற்றுவது கொஞ்சம் மெதுவாகும். மெதுவாகட்டும்.

★

சங்கிலி உள்ளே போகும் தளத்துத் துளையை நெடுங்கடலில் மூடாமல் விட்டால் ஒவ்வோர் அலையும் அந்த வழியாகக் கொஞ்சம் உள்ளே வரும். துணியைத் திணித்து, குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் பூசி அடைப்பது பழைய மாலுமிகளின் வழக்கம். இன்றும் இதைவிட எளிதான வழி இல்லை. அறைக்கு மூடி இருந்தால் அதற்குத் தாழ்ப்பாளும் வேண்டும். படகு கவிழும் அளவுக்குச் சாய்ந்தால் 70 கிலோ சங்கிலி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே கொட்டும்.

★

துருப்பிடிக்கும் இரும்பு காற்றில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். காற்றுப் புகாத சங்கிலி அறையில் இது ஆளைக் கொல்லும். 2007 செப்டம்பரில் வடகடலில் 'வைக்கிங் ஐலே' என்ற கப்பலில், கடகடவென்று தட்டிக்கொண்டிருந்த சங்கிலியைக் கட்டுவதற்காக ஒருவர் அறைக்குள் இறங்கினார். அவர் மயங்கி விழுந்தார்; காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து மூன்று பேர் இறந்தார்கள். சிறிய பாய்மரப் படகின் சங்கிலி அறை பெரும்பாலும் மேலிருந்து அகலமாகத் திறப்பது. அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த படகில், ஆள் உள்ளே தலைவிடும் ஆழத்தில் அறை இருந்தால், முதலில் திறந்துபோட்டுக் காற்றோட விடுங்கள். தனியாக இறங்காதீர்கள்.

★

இந்தத் தொகுப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சங்கிலியின் உள்முனை படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாமல் விட்டால், வேகமாக ஓடும் சங்கிலி முழுவதும் கடலுக்குள் போய்விடும். நங்கூரமும் போய், சங்கிலியும் போய், படகு மட்டும் மிதக்கும். ஆனால் எதைக் கொண்டு கட்டுவது?

ஆணி திருகிப் பூட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளால் பூட்டுவது தவறு. புயலில் பக்கத்துப் படகு நங்கூரம் பெயர்ந்து உங்கள் மேல் வந்துகொண்டிருக்கிறது, அல்லது உங்கள் நங்கூரம் கடலடியில் பழைய கம்பிவடத்தில் மாட்டிக்கொண்டது, உடனே கிளம்பியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு இழுவையில் இருக்கும் ஷேக்கிளின் ஆணியை எந்த ஸ்பேனராலும் திருப்ப முடியாது. அதுவும் இருட்டில், அறைக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

வலுவான கயிற்றால் கட்டுங்கள். அந்தக் கயிறு அறையிலிருந்து தளத்துக்கு மேலே வரும் நீளத்துக்கு இருக்கட்டும். சங்கிலி முழுவதும் ஓடி முடிந்ததும் கயிறு கண்ணுக்கு முன்னால், தளத்தின் மேல் நிற்கும். ஒரு கத்தி வீச்சு போதும். அறுப்பதற்கு முன் முனையில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டால், காற்று அடங்கிய பின் திரும்பி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். கத்தி எங்கே இருக்கிறது என்று படகில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கயிற்றை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். வெளிச்சமே படாத ஈர அறையில் அது கிடக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

★

கப்பல்களில் சங்கிலியை 15 பாகம் நீளமுள்ள துண்டுகளாக எண்ணுவார்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 27.5 மீட்டர். பாகம் என்றால் இரு கையையும் விரித்த அகலம், ஆறடி. நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைச் சொல்வதும் பாகத்தில்தான்.

★

எவ்வளவு சங்கிலி விடவேண்டும்? ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரத்தையும் கூட்டிக்கொண்டு, அதைப் போல் ஐந்து மடங்கு என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. அணியத்தின் உயரத்தை மறப்பவர்கள் ஏராளம். மூன்று மீட்டர் ஆழத்தில், ஒரு மீட்டர் உயர அணியம் என்றால் கணக்கு 15 அல்ல, 20. கடல் ஏறும் நேரமாக இருந்தால் ஏறப்போகும் உயரத்தையும் சேர்க்க வேண்டும்.

★

சங்கிலி தன் எடையால் தொய்ந்து கடலடியில் படுத்திருக்கிறது; அதனால் நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்கிறது; ஆகவே நங்கூரம் பெயராது. இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மெல்லிய காற்றில் இது உண்மை. கடுங்காற்றில்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மி.மீ. சங்கிலி நீருக்குள் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோதான் கனக்கும். 5 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அணியம். காற்று படகை 100 கிலோ விசையில் இழுத்தால், கடைசிக் கண்ணி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க 32 மீட்டர் சங்கிலி வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்: 400 கிலோ. இப்போது 63 மீட்டர் வேண்டும். அவ்வளவு சங்கிலி பல சிறு படகுகளில் இருப்பதே இல்லை. 30 மீட்டர் மட்டும் விட்டிருந்தால் சங்கிலி கம்பிபோல் நிமிர்ந்துவிடும்; நங்கூரத்தை ஏறக்குறைய 9 டிகிரி மேல்நோக்கி இழுக்கும். நல்ல நங்கூரம் அதைத் தாங்கும். ஆனால் தொய்வு தாங்கும் என்று நம்பி உறங்கியவரின் கணக்கு தவறாகிவிடும்.

இந்தத் தொங்கும் வளைவு பரவளைவு அல்ல என்பது முன்பே தெரிந்திருந்தாலும், அதன் சரியான வடிவம் என்ன என்பது 1691-ல்தான் தெளிவானது. ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் தனித்தனியாக விடை கண்டார்கள்.

★

நிமிர்ந்த சங்கிலிக்கு நெகிழ்வே கிடையாது. ஒவ்வோர் அலையிலும் படகு வெடுக்கென்று இழுபடும். அந்த அதிர்ச்சி நங்கூரத்தையும் அணியத்தில் சங்கிலி ஓடும் முன்னுருளையையும் தாக்கும். அதனால் சங்கிலியை விட்டு முடித்ததும் ஒரு நைலான் கயிற்றை முன்னால் சங்கிலியில் கொக்கியாலோ முடிச்சாலோ பிடித்து, மறுமுனையைப் படகின் கட்டுக்குமிழில் கட்டி, இன்னும் கொஞ்சம் சங்கிலியைத் தளர விடுகிறார்கள். இழுவை முழுவதும் நைலானுக்குப் போகிறது. நைலான் நீண்டு சுருங்கி அதிர்ச்சியை விழுங்குகிறது. கடலடிக் கல்லில் சங்கிலி உரசும் கரகரப்பும் படகுக்குள் வராது, தூங்கலாம்.

மிகத் தடித்த கயிறு இதற்கு உதவாது. நீளாத கயிறு கட்டியும் பயனில்லை.

★

1933-ல் சி.க்யூ.ஆர். என்ற ஏர்க்கொழு வடிவ நங்கூரத்தை உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்க்ரம் டெய்லர். திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த மேதை. பாய்மரப் படகோட்டுவதில் தீராத ஆசை. குறைந்த எடையில் அதிகம் பிடிக்கும் நங்கூரம் வேண்டும் என்று அவரே யோசித்தார். இலகுவான நங்கூரங்கள் வந்த பிறகு சிறு படகில் சங்கிலியின் சுமை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

★

சங்கிலியை ஏற்றும் சுழல்பொறிக்கு விண்ட்லஸ் என்று பெயர். அதில் உள்ள பல்சக்கரத்தின் குழிகளில் ஒவ்வொரு கண்ணியும் சரியாக உட்கார வேண்டும். 10 மி.மீ. சங்கிலி என்று கேட்டு வாங்கினால் போதாது. டின் 766 தரத்தில் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ.; ஐ.எஸ்.ஓ. 4565 தரத்தில் 30 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நூறு கண்ணிக்கு 20 சென்டிமீட்டர் வித்தியாசம். தவறான சங்கிலி சக்கரத்தில் ஏறி ஏறிக் குதிக்கும். இழுவை கூடும்போது நழுவி ஓடும். கடைக்குப் போகும்போது பழைய சங்கிலியில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

1,000 வாட் விண்ட்லஸ் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். படகின் இயந்திரத்தை ஓடவிட்டு, மெல்ல முன்னே நகர்ந்து சங்கிலியைத் தளர்த்திய பிறகே அதை இயக்க வேண்டும். அது சங்கிலியைத் தூக்கும் பொறி. படகை இழுக்கும் பொறி அல்ல. நின்றிருக்கும் படகின் பாரத்தையும் அதன்மேல் விடக்கூடாது.

★

விண்ட்லஸ் இல்லாத படகா? பத்து மீட்டர் ஆழத்தில் நங்கூரம் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் உங்கள் கையில் தொங்குவது சுமார் 25 கிலோ: சங்கிலி 12, நங்கூரம் 13. இருபது மீட்டரில் ஏறக்குறைய 37. ஆழம் கூடக்கூட இது முதுகெலும்பின் வேலையாகிவிடும்.

அனுபவப்பட்டவர்கள் அலையை வேலை வாங்குவார்கள். அணியம் தாழும்போது சங்கிலி தளரும். அப்போது கைக்குக் கை மாற்றி இழுப்பார்கள். அணியம் உயரும்போது இழுக்கமாட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து நிற்பார்கள். நங்கூரம் சேற்றில் ஆழப் புதைந்திருந்தால் சங்கிலியை நேர்செங்குத்தாக இறுக்கிக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அடுத்த சில அலைகள் படகைத் தூக்கும். படகின் மிதப்பே நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். முன்னுருளைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணியில் மாட்டி நிற்கும் தடுப்புநாக்கு ஒன்று இருந்தால் இழுத்தது திரும்ப ஓடாது, கைக்கும் ஓய்வு.

ஓடும் சங்கிலியைக் கையால் பிடித்து நிறுத்த முயலவே கூடாது. தளத்தில் கிடக்கும் சுருளுக்குள் கால் வைக்கக்கூடாது. நங்கூரம் விடும் முன், தேவையான நீளத்தைத் தளத்தில் முன்னும் பின்னுமாக நீள மடிப்புகளாய்ப் பரப்பிவிட்டால் சிக்காமல் ஓடும்.

★

அணியத்தில் ஒருவர், சுக்கானில் ஒருவர். நடுவில் காற்று, இயந்திரச் சத்தம். கத்தினால் கேட்காது, கேட்டாலும் கோபம்தான் கேட்கும். முன்னே போ, பின்னே வா, நிறுத்து, சங்கிலி நேராகத் தொங்குகிறது: இந்த நான்குக்கும் கைச்சைகை பேசி வைத்துக்கொண்டால் போதும். கணவனும் மனைவியுமாக உலகம் சுற்றுகிறவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.

★

எட்டு மீட்டருக்குக் குறைந்த படகில் முழுச் சங்கிலி வைப்பது படகுக்கே பாரம். சுமார் 5 முதல் 10 மீட்டர் சங்கிலி, அதற்குமேல் நைலான் கயிறு. எட்டுப் புரியாகப் பின்னிய கயிறு முறுக்கிக்கொள்ளாமல் எப்படிப் போட்டாலும் படுக்கும். இதையெல்லாம் அடியில் துளையிட்ட ஒரு வாளியில் வைக்கலாம்: முதலில் கயிற்றின் உள்முனையை வாளிக்கு வெளியே எடுத்துப் படகில் கட்டிவிட்டு, பிறகு கயிறு, அதன் மேல் சங்கிலி, உச்சியில் நங்கூரம். எடுக்கும் வரிசைக்கு நேர் எதிர்வரிசையில் உள்ளே போகிறது.

★

பத்து மீட்டருக்கு ஒன்றாகச் சங்கிலியில் நிறம் பூசி அடையாளம் வைப்பார்கள். இருட்டில் நிறம் தெரியாது. பத்தில் ஒரு துணித்துண்டு, இருபதில் இரண்டு என்று கட்டினால் விரல் எண்ணிக்கொள்ளும்.

★

நங்கூரம் பெயர்கிறதா என்று அறிய ஒரு பழைய வழி: அணியத்துக்கு வெளியே தொங்கும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நங்கூரம் நிலைத்திருந்தால் இழுவை சீராகக் கூடிக் குறையும். பெயர்ந்து கடலடியில் இழுபட்டால் சங்கிலி குலுங்கும், விட்டுவிட்டு உதறும். செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைக் கருவி இருந்தாலும் படுக்கப்போகும் முன் ஒருமுறை கைவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

★

தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895-ன் கடைசியில் உருகுவே கரையில் அவருடைய 'ஸ்ப்ரே' மணலில் ஏறிவிட்டது. படகை இழுத்து மீட்க, நங்கூரத்தையும் வடத்தையும் ஒரு குட்டித் தோணியில் ஏற்றிக் கடலுக்குள் துடுப்புப் போட்டார். பாரம் தாங்காமல் தோணிக்குள் தண்ணீர் ஏறியது. அது அமிழும் முன் நங்கூரத்தைத் தூக்கி வீசினார். பின் தோணி கவிழ்ந்தது. அவருக்கு நீந்தத் தெரியாது. கவிழ்ந்த தோணியைப் பிடித்துக்கொண்டு போராடித்தான் உயிர் பிழைத்தார். குட்டித் தோணியில் நங்கூரம் கொண்டுபோவது இன்றும் ஆபத்தான வேலை. வடத்தைத் தோணிக்குள் அடுக்கி, போகப்போக அதிலிருந்தே விடவேண்டும். படகிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் அதன் கனம் தோணியைப் பின்னால் இழுக்கும்.

★

கடலடியில் கிடக்கும் சங்கிலி சும்மா கிடப்பதில்லை. காற்றும் நீரோட்டமும் திரும்பத் திரும்பப் படகு சுற்றும். சங்கிலி தரையை வட்டமாகத் துடைக்கும். மணலில் பாதகமில்லை. கடற்புல்லில் அது மொட்டை வட்டங்களை உண்டாக்கும்; மறுபடி முளைக்க நெடுங்காலம் ஆகும். ஸ்பெயினின் பாலியாரிக் தீவுகள் 2018-ல் பொசிடோனியா கடற்புல்லின் மேல் நங்கூரமிடுவதைத் தடைசெய்தன. நம் பாக் விரிகுடாவில் 2022-ல் அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகமும் கடற்புல்லை நம்பியே இருக்கிறது. தெளிந்த நீரில் கரும்பச்சைத் திட்டுகளுக்கு நடுவே வெளிர் மணல் தெரியும். அங்கே விடுங்கள். நங்கூரத்துக்கும் அதுதான் நல்ல பிடி.

★

இரும்புச் சங்கிலியைச் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நங்கூரத்தை ஒட்டிய முதல் சில மீட்டர்கள்தான் மணலில் உரசி முதலில் பழுப்பாகும்; உள்முனையோ அறையின் அடியில் புதிதுபோலவே கிடக்கும். அப்போது சங்கிலியை முழுவதும் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, முனைகளை மாற்றிப் பூட்டினால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். கண்ணிகள் தேயாமல் பூச்சு மட்டும் போயிருந்தால் மறுபடி துத்தநாகம் பூசலாம். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் பூச்சு உதவாது. சங்கிலியையே மாற்ற வேண்டும். பூட்டி முடித்ததும் நங்கூரத்து ஷேக்கிளின் ஆணியைத் துத்தநாகம் பூசிய மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டுங்கள். வாரக்கணக்கில் ஆடும் இழுவையில் கட்டாத ஆணி தானே திருகிக் கழன்றுவிடும்.